சுவருக்குள் ஊறும் நீர்

மழைநீர் வீட்டுக்குள் இறங்கினால் அதற்கு ஓர் ஓய்வு உண்டு. மழை விட்டதும் அதுவும் விட்டுவிடும். குழாய் நீர் அத்தகையதன்று. தெருக்குழாயில் அழுத்தம் உள்ளவரை, இரவென்றும் பகலென்றும் பாராமல், அது சுவருக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். குழாய் கசிந்த வீட்டைச் சீர்செய்வோர் பலர் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை. கூரை ஒழுகிய வீட்டுக்குச் செய்வதையே இதற்கும் செய்கின்றனர். கறை படிந்த இடத்தைச் சுரண்டுகின்றனர், காரை பூசுகின்றனர், வண்ணம் அடிக்கின்றனர். நான்கைந்து திங்களில் அதே இடத்தில் அதே கறை மீண்டும் தோன்றுகிறது. பணம் போயிற்று, சுவருக்குள் நின்ற நீர் போகவில்லை.

தோட்டத்து லயங்களில் வாழ்ந்த தலைமுறைக்கு இத்தொல்லை புதிது. வீட்டு வரிசைக்கு ஒரு குழாய் என்று அக்காலத்தில் அது வெளியில் நின்றது. ஒழுகினால் வாசல் சேறாகும். பக்கத்து வாழை செழிக்கும். வீட்டுக்கு ஒன்றும் நேராது. பலகைச் சுவர் நனைந்தாலும் இடுக்கெல்லாம் புகும் காற்றில் விரைவாக உலர்ந்துவிடும். தோட்டங்கள் கைமாறி, மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கும் வரிசை வீடுகளுக்கும் குடிபெயர்ந்தபோது, குழாயும் அவர்களோடு வீட்டுக்குள் வந்தது. வந்ததோடு நில்லாமல் சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் புகுந்து மறைந்துகொண்டது. காற்றுப் புகும் பலகை போய், நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செங்கல்லும் சிமெண்டும் அவ்விடத்தைப் பிடித்தன.

நீர் வெளிப்படும் நிலைகளுக்குத் தமிழில் தனித்தனிச் சற்களுக்குக் குறைவில்லை. பொருளுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் பரவுவது ஊறல். மேற்பரப்பில் ஈரமாக அரும்புவது கசிவு. துளியாகப் பிரிந்து விழுவது சொட்டு. இடையறாது இறங்குவது ஒழுக்கு. அழுத்தத்தால் பிளந்துகொண்டு வருவது பீறல். ஒழுகு என்னும் அடியிலிருந்தே ஒழுக்கம் என்னும் சொல்லும் பிறந்தது. ஒரு வழியே தொடர்ந்து செல்லுதல் என்னும் பொருள் இரண்டுக்கும் பொது. வகுப்பில் மாணவர்க்குச் சொல்லத்தக்க செய்தி இது. சுவரிலும் தரையிலும் நிலைத்துவிட்ட ஈரத்துக்கு ஓதம் என்று பெயர். குழாய் பீறிட்டால் வீட்டார் உடனே ஓடிச்சென்று நிறுத்துவர். ஊறலுக்காக எவரும் ஓடுவதில்லை. ஆயினும் பெருங்கேடு விளைவது ஊறலால்தான்.

கணக்கிட்டால் இது விளங்கும். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒரு குழாய் இணைப்பு கசிவதாகக் கொள்ளலாம். ஒரு நாளுக்கு 86,400 சொட்டு. ஏறத்தாழ 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லிலிட்டர். ஆகவே ஒரு நாளைக்கு 4.3 லிட்டர், 30 நாளில் ஏறக்குறைய 130 லிட்டர். நீர்க்கட்டணமோ கனமீட்டரால் கணக்கிடப்படுவது. ஒரு கனமீட்டர் என்பது 1,000 லிட்டர். திங்களுக்கு 130 லிட்டர் மிகுதியாகச் செலவாவது கட்டணச் சீட்டில் கண்ணுக்கே படாது. ஆனால் ஒரு சுவரின் கால்பகுதிக்குள் 130 லிட்டர் என்பது சிறு அளவன்று.

எந்த நீர் என்று அறிதல்

உடைப்பதற்கு முன் நீர் எங்கிருந்து வருகிறது என்று அறிய வேண்டும். சுத்தியலுடன் வருபவரைவிடக் கேள்வியுடன் வருபவரே நல்ல குழாய் வேலையாள். ஈரம் மழைக்காலத்தில் மட்டும் மிகுகிறதா? அப்படியாயின் அது கூரையையோ புறச்சுவரையோ சார்ந்தது. எக்காலத்தும் ஒரே அளவாக உள்ளதா? அப்படியாயின் நீர் வழங்கும் குழாயைச் சார்ந்தது. அக்குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கிறது. குளித்த பின்னரோ துணி துவைத்த பின்னரோ மட்டும் மிகுகிறதா? அப்படியாயின் கழிவுநீர்க் குழாயையோ குளியலறைத் தரையையோ ஐயுறலாம். பயன்படுத்தும்போது மட்டுமே அவற்றில் நீர் உண்டு.

வழங்கு குழாயைச் சோதிக்க நீர்மானியே போதும். வீட்டிலுள்ள குழாய்கள் அனைத்தையும் மூடி, நீர்மானியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் பார்த்தல் வேண்டும். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிவு உண்டு. மிகச் சிறிய கசிவாயின் ஓர் இரவு முழுவதும் காத்திருந்து பார்ப்பது தக்கது. சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளில் இச்சோதனை எளிது. மலேசிய வரிசை வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே கூரைக்கடியில் நீர்த்தொட்டி இருக்கும். சமையலறைக் குழாய்க்கு நீர் தெருக்குழாயிலிருந்து நேராக வரும். குளியலறைகளுக்குத் தொட்டியிலிருந்து இறங்கும். ஆகவே சோதனையை இரு பகுதியாகச் செய்தல் வேண்டும். முதலில் தொட்டிக்கு ஏறும் நீரை அடைத்துவிட்டு நீர்மானியைப் பார்க்க வேண்டும். அது நகர்ந்தால் நீர்மானிக்கும் தொட்டிக்கும் இடையிலோ சமையலறைக் குழாயிலோ பழுது. நகராவிட்டால் தொட்டியின் நீர்மட்டத்தில் ஒரு குறியிட்டு, எல்லாக் குழாய்களையும் மூடிவைத்து, சில மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். மட்டம் தாழ்ந்திருந்தால் தொட்டிக்குக் கீழுள்ள குழாய்களில் பழுது. நீர்மானி ஒன்றையே நம்பியவர்கள் இவ்விரண்டாம் பகுதியைத் தவறவிட்டு, பழுதில்லை என்று முடிவுகட்டிவிடுவதுண்டு.

கழிப்பறையின் நீர்க்கலம் சத்தமின்றிக் கசிவது. அதில் சிறிது வண்ணப்பொடியைக் கரைத்து, நீரிழுக்காமல் கால் மணி நேரம் விட்டால், கசிவு இருப்பின் வண்ணம் கீழே தெரியும். குளியலறைத் தரையை ஐயுற்றால், நீர்போகும் துளையை அடைத்து, தரையில் சிறிது நீர் தேக்கி, 24 மணி நேரம் வைத்துக் கீழ்வீட்டுக் கூரையைப் பார்ப்பது வழக்கம்.

குழாயின் வகை தெரிந்தால் பழுதின் தன்மையும் ஒருவாறு தெரியும். பழைய வீடுகளில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள் உள்ளன. உள்ளே துரு ஏறி வழி குறுகிவிடும். காலையில் முதலில் வரும் நீர் செந்நிறமாக இருக்கும். உட்பூச்சு இல்லாத இத்தகைய குழாய்களைக் குடிநீருக்குப் பயன்படுத்துவதைச் சிங்கப்பூர் 1980இல் தடை செய்தது. இத்தகைய இரும்புக் குழாயோடு செப்புக் குழாயை நேராக இணைப்பது இன்னொரு தவறு. இருவேறு உலோகங்கள் நீரில் சேர்ந்தால் மின்கலம் போல் இயங்கும், துத்தநாகமும் இரும்பும் தேயும், செம்பு நிலைத்திருக்கும். இக்காலத்தில் நெகிழிக் குழாய்களும் துருவேறா எஃகுக் குழாய்களும் பெருகிவிட்டன. அவற்றில் குழாய் பழுதுறுவதைவிட இணைப்பு பழுதுறுவதே மிகுதி. கைகழுவும் தொட்டிக்கடியில் உள்ள வளைகுழாயைப் பலர் பொருட்படுத்துவதில்லை. வெளியே எஃகுப் பின்னல் பளபளத்தாலும் உள்ளே இருப்பது இரப்பரோ நெகிழியோதான். அது முதுமையடைந்து, வீட்டார் ஊருக்குப் போயிருக்கும் நாளில் வெடித்தால், திரும்பி வரும்வரை நீர் கொட்டிக்கொண்டிருக்கும். சில வெள்ளி விலையுள்ள அதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதும், வெளியூர் செல்லும்போது முதன்மை அடைப்பை மூடிச் செல்வதும் எளிய காப்புகள்.

முதல் நாள்

குழாய் வெடித்த வீட்டில் முதற்பணி நீரை நிறுத்துவது. அடுத்தது மின்சாரத்தை நிறுத்துவது. மின்பெட்டி நனையாமல் இருந்தால்தான் அதைத் தொடலாம். ஈரத் தரையில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடுவது உயிருக்கே கேடு. நனைந்த மின்னிணைப்புகளை உரிமம் பெற்ற மின்பணியாளர் சோதித்த பின்னரே மீண்டும் மின்சாரம் விட வேண்டும்.

மெல்லிய பலகையாலான உட்கூரை நீர் தாங்கித் தொங்கினால் அதன் நடுவே எவரும் நிற்றலாகாது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் உயரம் நீர் தேங்கினாலே அதன் எடை 10 கிலோ. ஓரத்தில் நின்று, கீழே வாளி வைத்து, சிறு துளையிட்டு நீரை இறக்கிவிடுதல் நன்று.

வந்த நீர் தூயதா அழுக்கா என்பதும் கருதத்தக்கது. வழங்கு குழாய் நீரில் நனைந்த மெத்தையை அன்றே உலர்த்தினால் ஒருவேளை காப்பாற்றலாம். கழிவறைக் குழாய் நீரில் நனைந்ததை எறிந்துவிடுவதே முறை. தரையையும் சுவரையும் சவர்க்காரம் இட்டுக் கழுவிக் கிருமிநீக்கி தெளிக்க வேண்டும். வெளுப்பான் நீரோடு கழிப்பறை கழுவும் அமிலத்தையோ அம்மோனியா கலந்த நீர்மத்தையோ சேர்ப்பது நச்சுக்காற்றை உண்டாக்கும்.

எதையும் அகற்றுமுன் ஒளிப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். காப்புறுதி கோரவும் அண்டைவீட்டாரோடு வழக்கு நேரின் சான்றாகவும் அது பயன்படும். காப்புறுதியைப் பற்றி ஆசிரியர்களிடையேகூடத் தெளிவு குறைவு. மலேசியாவில் அடிப்படைத் தீக்காப்புறுதி குழாய் வெடிப்புக்கு ஈடு தராது. கட்டடத்துக்கான வீட்டுடைமையாளர் காப்புறுதியும், தட்டுமுட்டுப் பொருள்களுக்கான இல்லப்பொருள் காப்புறுதியும் வேறு. குழாயும் தொட்டியும் வெடித்தோ வழிந்தோ நேரும் சேதம் அவற்றில் அடங்கும். நாள்பட்ட ஊறலுக்கு ஈடு பெறுவது கடினம். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் தீக்காப்புறுதித் திட்டம் வீட்டுப் பொருள்களையும் வீட்டார் செய்த புதுப்பிப்பு வேலைகளையும் காக்காது; அதற்குத் தனிக் காப்புறுதி வேண்டும்.

உலர்த்துதல்

குழாயைச் சரிசெய்வது ஒரு நாள் வேலை. வண்ணம் அடிப்பது இரண்டு நாள் வேலை. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள உலர்த்துதல் வாரக்கணக்காகும் வேலை. ஆகவேதான் அதை எல்லாரும் தாண்டிச் செல்கின்றனர். ஒப்பந்தக்காரருக்கு அதில் வருவாய் இல்லை. வீட்டாருக்குப் பொறுமை இல்லை.

குளிர்நாட்டு நூல்களில் காணும் அறிவுரை இங்கே அப்படியே பொருந்தாது. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டுக்கும் மேல். தீவக்கற்ப மலேசியாவின் தாழ்நிலங்களும் ஏறத்தாழ அவ்வாறே. இதன் பொருள் என்ன? 30 பாகை வெப்பமுள்ள ஒரு கனமீட்டர் காற்று 30 கிராம் நீராவியைத் தாங்க வல்லது, அதற்குமேல் தாங்காது. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையில் 36 கனமீட்டர் காற்று உண்டு. அது தாங்கக்கூடிய நீராவி மொத்தம் 1,080 கிராம். அதில் 80 விழுக்காடு, அதாவது 864 கிராம், முன்னமே நிறைந்துவிட்டது. எஞ்சியிருப்பது 216 கிராமுக்கு இடம். ஒரு குவளை நீர்! சன்னலை மூடி, விசிறியைச் சுழலவிட்டு, இரவெல்லாம் உலர்த்தியதாக மனநிறைவு கொள்பவர் உண்மையில் ஒரு குவளை நீரைத்தான் சுவரிலிருந்து காற்றுக்கு மாற்றியிருக்கிறார். அதன்பின் விசிறி நிறைந்த காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கிறது.

ஆகவே இரண்டில் ஒன்று வேண்டும். நிறைந்த காற்றை வெளியேற்றி உலர்ந்த காற்றை உள்ளே விட வேண்டும். அல்லது காற்றிலிருந்தே நீரைப் பிரித்தெடுக்க வேண்டும். முதல் வழிக்கு நேரம் அறிதல் இன்றியமையாதது. விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைக் கடந்திருக்கும். மழையில்லாத நாளில் பிற்பகல் 1 மணிக்கும் 4 மணிக்கும் இடையே அது 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். சன்னல்களைத் திறக்க வேண்டியது அப்போது. காலைக் காற்று நல்லது என்று விடிந்ததும் திறந்துவைக்கும் பழக்கம் உடலுக்கு நன்றாகலாம், ஈரச்சுவருக்கு நன்றன்று. மழை வரும் மாலையிலும் மூடிவிட வேண்டும். இரண்டாம் வழிக்கு ஈரம் நீக்கும் பொறி உதவும். அதை இயக்கும்போது சன்னலைத் திறந்துவைப்பது, ஓட்டைப் பானையில் நீர் இறைப்பதற்கு ஒப்பு. வாடகைக்கும் கிடைக்கிறது. அது இல்லாதவர்கள் அறையைச் சாத்திக் குளிர்சாதனப் பொறியை இயக்கலாம். அதன் குழாயிலிருந்து வெளியே சொட்டுவது அறைக்காற்றிலிருந்து பிரிந்த நீரே.

எத்தனை நாள்? சிமெண்டுத் தரை உலர்வதற்குக் கட்டடத் தொழிலில் ஒரு பொதுக்கணக்கு உண்டு: கனம் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு நாள். 25 மில்லிமீட்டர்ப் பூச்சுக்கு ஏறக்குறைய ஒரு திங்கள். கனமானால் இதைவிட மெதுவாகும். செங்கற்சுவர் இருபுறமும் திறந்திருந்தால் இருபுறமும் உலரும். ஒரு புறம் பளிங்கோடு பதித்து, மறுபுறம் அலமாரியைச் சாத்திவைத்தால் எப்புறமும் உலராது. அலமாரியை நகர்த்துவது செலவில்லாத மருந்து. உப்பிய காரையைப் பெயர்த்துவிடுவதும் செங்கல் மூச்சுவிட உதவும்.

உலர்ந்துவிட்டதா என்பதைக் கைவைத்துப் பார்த்துச் சொல்ல இயலாது. மேற்பரப்பு முதலில் உலரும். உள்ளீரம் பின்னர் மெல்ல வெளியே வரும். அரை மீட்டர்ச் சதுர நெகிழித்தாளைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி, ஒரு நாள் கழித்து உரித்துப் பார்க்கலாம். உட்புறத்தில் நீர்த்துளி அரும்பியிருந்தாலோ சுவரின் நிறம் கறுத்திருந்தாலோ இன்னும் காத்திருக்க வேண்டும். ஈரமானி வைத்திருப்போர் நனையாத சுவரின் அளவை முதலில் எடுத்து அதனோடு ஒப்பிடுதல் நலம். தனி எண்ணை மட்டும் கண்டு முடிவுசெய்தல் பயனற்றது.

பூஞ்சணம் இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. நனைந்த பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அது வேர்விடத் தொடங்குகிறது. இளைப்பு நோயுள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது அழகைப் பற்றிய செய்தியன்று. துளையற்ற ஓட்டிலும் கண்ணாடியிலும் படிந்ததைச் சவர்க்கார நீரால் துடைத்துவிடலாம். மரத்தூள் பலகை, மெத்தை, உட்கூரைப் பலகை போன்றவற்றுள் அது ஊடுருவிவிட்டால் வெளுப்பான் மேலே வெளுக்குமேயன்றி உள்ளே சேராது. அப்பொருளை அகற்றுவதே வழி. துடைக்கும்போது மூக்கை மூடிக்கொள்வதும், உலர்ந்த பூஞ்சணத்தைத் துடைப்பத்தால் தட்டிப் பறக்கவிடாமல் இருப்பதும் தேவை.

இடையில் ஒரு செய்தி. கசிவுக்குக் கீழே வைத்த வாளியை நாள்தோறும் கொட்டிக் கவிழ்க்க வேண்டும். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தெளிந்து தேங்கிய நீரிலேதான் முட்டையிடும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டை கொசுவாகிவிடும்.

உப்பும் துருவும்

உலர்ந்த சுவரில் வெண்பஞ்சு போல ஒன்று பூக்கும். பலர் அதைப் பூஞ்சணம் என்று மருந்தடிக்கின்றனர். அது உப்பு. செங்கல்லிலும் சிமெண்டிலும் உள்ள உப்புகளை நீர் கரைத்துக்கொண்டு மேற்பரப்புக்கு வருகிறது, நீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. ஐயமிருந்தால் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்க்கலாம். உப்பாயின் பெரும்பாலும் கரைந்துவிடும். ஆனால் கழுவுதல் கூடாது. கழுவினால் கரைந்த உப்பு மீண்டும் சுவருக்குள்ளேயே செல்லும். உலர்ந்த தூரிகையால் துடைத்து, கூட்டி எடுத்து, வெளியே கொட்ட வேண்டும். பூப்பது நிற்கும்வரை இப்படியே செய்துவர வேண்டும். நிற்காமல் பூத்துக்கொண்டே இருந்தால் நீர் இன்னும் வருகிறது என்பது அதன் பொருள்.

இந்நிலையில் மேலே கனமான வண்ணத்தை அடித்தால் என்ன ஆகும்? நீராவி வெளியேற வழியின்றி வண்ணத்துக்குப் பின்னே தங்கும். உப்பு அங்கேயே படிகமாகும். வளரும் படிகம் வண்ணத்தைக் கொப்புளமாகத் தள்ளும். பினாங்கிலும் மலாக்காவிலும் உள்ள பழைய கடைவீடுகள் சுண்ணச்சாந்தால் பூசப்பட்டவை. அச்சுவர்கள் ஈரத்தை வாங்கி விட்டுவிடும் இயல்புடையன. அவற்றைச் சிமெண்டால் பூசி நெகிழி வண்ணம் அடித்தவர்கள், ஈரம் மேலும் உயர ஏறிச் செல்வதையே கண்டனர். பழைய சுவருக்குப் பழைய சாந்தே பொருந்தும் என்று மரபுக் கட்டடப் பாதுகாப்பாளர் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

துருவின் கதை இதனினும் கொடிது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி இயல்பாகத் துருப்பிடிப்பதில்லை. சிமெண்டின் காரத்தன்மை அதன்மேல் ஒரு காப்புப்படலத்தை உண்டாக்கி வைக்கிறது. ஆண்டுகள் செல்லச்செல்லக் காற்றிலுள்ள கரியமிலவாயு மெல்ல ஊடுருவி அக்காரத்தைக் குறைக்கிறது. அதன்மேல் நீரும் சேர்ந்தால் கம்பி துருவேறும். துரு, தான் பிறந்த இரும்பைப் போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கொள்ளும். அந்த விரிவைத் தாங்காமல் கான்கிரீட் பிளந்து பாளம் பாளமாக விழும். பழைய அடுக்குமாடிகளின் குளியலறை, சமையலறைக் கூரைகளில் இதைக் காணலாம். கூரையில் கம்பியின் நேர்க்கோட்டில் விரிசலும் செந்நிறக் கறையும் தோன்றினால், அதன் கீழே பிள்ளைகளை உறங்கவைக்கலாகாது. தளர்ந்த கான்கிரீட்டைத் தட்டி அகற்றி, கம்பியின் துருவை முற்றும் நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு தடவி, அதற்குரிய சாந்தால் நிரப்புவதே பழுதுபார்க்கும் முறை. துருவின்மேலேயே சிமெண்டு அப்புவது, புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவதாகும்.

மரத்தைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. கெட்டிமரம் நனைந்து உலரும். மெதுவாக, வெயிலில் காட்டாமல் உலர்த்தினால் வளைவதும் குறையும். பதித்த மரக்கட்டைத் தரை உப்பி எழும்பினால் சில கட்டைகளைப் பெயர்த்து அடியிலுள்ள சிமெண்டை உலரவிட்ட பின் மீண்டும் பதிக்கலாம். மரத்தூள் பலகை ஒருமுறை உப்பினால் மறுபடி சுருங்காது. அடுப்படி அலமாரிகளில் பெரும்பாலானவை இப்பலகையால் ஆனவை. அவற்றின் அடிப்பகுதி போனால் போனதுதான்.

நனைந்த ஏடுகள்

தமிழாசிரியர் இல்லத்தில் அலமாரியின் அடித்தட்டில் இருப்பவை பெரும்பாலும் பழைய இதழ்கட்டுகளும் பள்ளிச் சான்றுகளும் குடும்ப ஒளிப்படங்களும் ஆகும். மேசை நாற்காலிகளை மீண்டும் வாங்கலாம். இவற்றை வாங்க முடியாது. ஆகவே உலர்த்தும் வரிசையில் இவையே முன்நிற்க வேண்டும்.

நனைந்த நூலை விரித்துப் பார்த்தலும் ஈரத்தாள்களைப் பிரிக்க முயலுதலும் கூடாது. நீர் வடிந்ததும் நூலை நிமிர்த்தி, அட்டையைச் சிறிது அகற்றி நிறுத்தி, இடையிடையே அச்சில்லாத வெள்ளைத்தாளைச் செருகி, அது நனைந்ததும் மாற்றிவர வேண்டும். செய்தித்தாளைச் செருகினால் அதன் மை ஒட்டும். வழவழப்பான படத்தாள் நூல்கள் உலரத் தொடங்கியதும் கல்லாக ஒட்டிக்கொள்ளும். அவற்றுக்கு ஈரம் காயுமுன்பே ஒவ்வொரு தாளுக்கும் இடையில் தாள் வைக்க வேண்டும். நூல்கள் பலவாகி, ஒரே நாளில் கவனிக்க இயலாவிட்டால், நெகிழிப்பையில் தனித்தனியே இட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிடலாம். உறைந்த நிலையில் பூஞ்சணம் வளராது. ஒன்றிரண்டாக எடுத்து உலர்த்த நேரம் கிடைக்கும். 1966ஆம் ஆண்டு நவம்பரில் ஆர்னோ ஆறு பெருகி இத்தாலியின் புளோரன்ஸ் நகரத் தேசிய நூலகத்தை மூழ்கடித்தது. நனைந்த ஏடுகளைக் காக்கும் கலையில் உலகெங்கும் நூலகர் கருத்தைச் செலுத்தியது அப்பேரிடருக்குப் பின்னரே மிகுந்தது. ஒளிப்படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பின் தூய குளிர்ந்த நீரில் ஊறவிட்டுப் பிரித்து, படம் மேலே தெரியுமாறு நிழலில் பரப்பினால் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

மேல்வீடும் கீழ்வீடும்

அடுக்குமாடியில் கசிவு என்பது நீரைப் பற்றிய சிக்கலாக மட்டும் நிற்பதில்லை. கீழ்வீட்டார் கூரையில் கறை காண்கிறார். மேல்வீட்டார் தம் தரை உலர்ந்திருக்கக் காண்கிறார். இருவரும் சொல்வது உண்மையே. ஓட்டுக்கடியில் உள்ள நீர்காப்புப் படலம் கிழிந்திருந்தால், மேலே ஒன்றும் தெரியாமல் கீழே இறங்கும். படலத்தைச் சுவரோரத்தில் சற்று உயர்த்தி மடித்துப் பதிப்பது வழக்கம். புதுப்பிப்பு வேலையின்போது ஓட்டைக் கொத்தினால் அது அறுபடும். புதிய வீவக வீடுகளில் மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறை ஓடுகளைப் பெயர்க்கக் கூடாது என்னும் விதி இதன்பொருட்டே. பழைய ஓட்டின்மேல் புதிய ஓட்டை ஒட்டினால் தரை புதிதாகும், படலம் பழையதே.

சிங்கப்பூரின் வீவக வீடுகளில் இத்தகைய கசிவைப் பழுதுபார்க்கும் பொறுப்பு மேல்வீட்டார், கீழ்வீட்டார் இருவருக்கும் உரியது. கழகத்தின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் செலவில் பாதியைக் கழகம் ஏற்கும். எஞ்சியதை இருவரும் சமமாகப் பகிர்வர். கீழ்வீட்டார் தாம் ஏன் செலுத்த வேண்டும் என்று கேட்பது இயல்பு. இடையிலுள்ள தளம் ஒருவர்க்குத் தரையாகவும் மற்றவர்க்குக் கூரையாகவும் இருப்பதே அதற்கு விடை. ஓடு முதலியவற்றைத் தெரிந்தெடுப்பது மேல்வீட்டார் பொறுப்பு. உள்ளே விட மறுப்போர் வீட்டில் அவசரப் பழுதுபார்ப்புக்காக நுழையக் கழகத்துக்கு 2015ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அதிகாரம் வழங்கியது.

மலேசியாவில் 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டமும் அதன்கீழ் 2015இல் வந்த விதிகளும் இதை ஆள்கின்றன. கூரையில் கசிவு கண்டவர் நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவித்தால், 7 நாளுக்குள் சோதனை நடத்தப்பட வேண்டும். சோதனை முடிந்த 5 நாளுக்குள், காரணம் யாது, பழுதுபார்க்க வேண்டியவர் யார் என்று கூறும் சான்றிதழ் தரப்பட வேண்டும். வேறாக மெய்ப்பிக்கப்படும்வரை, பழுது மேல்வீட்டில் உள்ளதாகவே விதி கொள்கிறது. பொறுப்புடையவர் சான்றிதழ் பெற்ற 7 நாளுக்குள் பழுதுபார்க்காவிட்டால், நிர்வாகமே பழுதுபார்த்து அவரிடம் செலவைப் பெறலாம். தகராறு நீடித்தால் 2015 சூலையில் அமைந்த ஸ்ட்ராத்தா நிர்வாக நடுவர் மன்றத்தை அணுகலாம். 250,000 ரிங்கிட் வரையுள்ள கோரிக்கைகளை அது விசாரிக்கும். வழக்கறிஞரைப் பெரும்பாலும் அங்கே அனுமதிப்பதில்லை. வீட்டார் தாமே பேச வேண்டும்.

ஆகவே கீழ்வீட்டார் வாய்ச்சொல்லோடு நில்லாமல் கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் நாளைக் குறித்து, வாரம் ஒருமுறை ஒளிப்படம் எடுத்துவைப்பது நல்லது. கறை கோட்டைத் தாண்டிப் பரவினால் அது கசிவு நிற்காததற்குச் சான்று. மேல்வீட்டில் பழுதுபார்த்த பின்னும் அக்கோட்டை அழிக்க வேண்டியதில்லை. ஓட்டைப் பதித்து, நீர் தேக்கி 24 மணி நேரச் சோதனை முடிந்து, அதன்மேல் ஒரு திங்களும் கறை கோட்டுக்குள்ளேயே நின்றால் கீழ்வீட்டுக் கூரைக்கு வண்ணம் அடிக்கலாம்.